தங்கச்சி சொல்லாத காரணம்

உண்மையைச் சொன்னால், இதை எழுதாமலே விட்டிருப்பேன். இரண்டு முறை போனில் தட்ட ஆரம்பித்து, தூக்கம் வந்து விட்டுவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்கார நண்பன்தான் 'எழுதடா, எழுதடா' என்று உயிரை எடுத்தான். பிழை இருந்தால் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். அவருக்கும் ஏதாவது வேலை வேண்டாமா?

போன வருஷம் குளிர்காலத்தில் நடந்தது. நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில் ரானுயி பக்கம் ரென்ட் வீட்டில் இருக்கிறோம். அப்பா பஸ் ஓட்டுகிறார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நான் பள்ளிக்கூடத்துக்குப் பாதியிலேயே பெரிய கும்பிடு போட்டுவிட்டு, ஊரின் அந்தக் கோடியில் புக்கெகோஹியில் வெங்காயம் மூட்டை கட்டும் ஷெட்டில் சேர்ந்தவன்.

தங்கச்சி எனக்கு நேர் எதிர். அவள் பள்ளியில் ஹானர்ஸ் சொசைட்டி என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர நல்ல மார்க் மட்டும் போதாது. ஊருக்கு உதவ வேண்டும், நாலு பேரை முன்னால் நின்று நடத்த வேண்டும், நடத்தையில் ஒரு குறை வரக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் கோட்டில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் தருவார்கள். (எனக்கு அந்தக் காலத்தில் கிடைத்த ஒரே மெம்பர்ஷிப், பள்ளி விட்ட பிறகும் வீட்டுக்கு அனுப்பாமல் உட்கார வைக்கும் ரூமில்தான்.) கடைசி வருஷம் முடியும்வரை பேட்ஜ் இருந்தால் தலைமை ஆசிரியரே சிபாரிசு செய்வார், நர்சிங் படிக்க உதவித்தொகை கிடைக்கும் என்பது தங்கச்சியின் கணக்கு. அம்மா அதற்குள் கோயிலில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது.

அந்த சொசைட்டியில் கண்டிப்பான ஒரு விதி. வருஷத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் மரம் நடப் போயே ஆக வேண்டும். போகாதவர்கள் ஒரு குழுவின் முன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சரியில்லை என்றால் பேட்ஜைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை தங்கச்சி போகவில்லை. அவள் முன்னால் நின்று நடத்துவாள் என்று நம்பி வந்த சின்னப் பிள்ளைகள் மண்வெட்டியும் கையுமாக மழையில் நின்றிருக்கிறார்கள்.

அவள் அப்போது என் காரில் இருந்தாள்.

சனிக்கிழமைகளில் லைப்ரரியில், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இங்கிலீஷ் பேசிப் பழக்குவாள். அங்கே ஓர் அக்கா வருவார், தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர், கையில் ஒரு பெண் குழந்தை. இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வந்தவர் மெல்ல மெல்ல வேறு விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். புருஷன் அடிக்கிறான். வெளியே போகும்போது போனைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். விசா அவன் வேலையை வைத்துத்தான், என்னை விட்டுப் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறான். அவன் நிம்மதியாக வீட்டை விட்டு வெளியே இருப்பது சனிக்கிழமை காலை பேட்மின்டன் ஆடும்போது மட்டும்தான். அப்படிப்பட்ட பெண்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் தங்கச்சி பேசி வைத்திருந்தாள். அவர்கள் வரச் சொன்ன நாளும் மரம் நடும் நாளும் ஒன்றாகிவிட்டது.

அந்த அக்கா துணி காயப்போடப் போகிறவர் மாதிரி கூடையோடு வந்தார். மேலே ஈரத் துண்டு. அடியில் அவருடைய மொத்தக் குடித்தனமும். கார் பேட்மின்டன் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அங்கே சிக்னல் சிவப்பு விழுந்தது. அந்த அக்கா சட்டென்று குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பின் சீட்டில் இருந்த குழந்தைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது தானாகவே கையிலிருந்த துணி முயலால் முகத்தை மூடிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் இருந்தது. நான் அதுவரைக்கும் வாய் ஓயாமல் ஏதோ ஜோக்கடித்துக்கொண்டு வந்தேன். பச்சை விழுந்ததும் ஜோக்கைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

எங்கே இறக்கிவிட்டோம் என்பதை இங்கே எழுத மாட்டேன். யாரிடமும் சொல்வதில்லை என்று மூன்று பேரும் பேசிக்கொண்டோம். அம்மா அப்பாவிடமும்கூட.

குழு கூப்பிட்ட நாளில் வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வரலாம் என்றார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஷிப்ட். நான் ஷெட்டிலிருந்து நேராக, வெங்காய நாற்றத்தோடு போய் நின்றேன்.

தங்கச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேற ஆளே கெடைக்கலையா?"

"இருந்த ஆள்லயே அழகானவன அனுப்பிச்சிருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு இங்கிலீஷ் வரும், பயம் வந்தால் தமிழ் வரும். அன்றைக்குத் தமிழ்தான் வந்தது. "அண்ணா, ப்ளீஸ். கேட்டா மட்டும்தான் நீ பேசணும், அதுதான் ரூல். ஜோக் வேணாம். பொய்யும் வேணாம். நீ பொய் சொன்னா நானே எந்திரிச்சு பொய்னு சொல்லிருவேன்."

"டீச்சர்கிட்ட மட்டும் தனியா சொல்லேன்டி."

"கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தர்கிட்ட சொன்னா கமிட்டில எல்லார்கிட்டயும் சொல்லணுமாம். யார் கமிட்டில இருக்கான்னு பாரு."

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஓர் ஆசிரியை, இரண்டு மாணவர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் பெற்றோர் சார்பில், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடும் ஒருவர். மலேசியாவிலிருந்து வந்தவர், ஹில்ஸ்பரோவில் சொந்த வீடு, கோயிலில் நல்ல பெயர். நாங்கள் வந்த புதிதில் அப்பாவுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். மனைவியைக் காணோம் என்று அந்தப் புருஷன் போய் அழுததும் அவரிடம்தான். 'எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், கூட்டி வந்து சேர்த்து வைத்துவிடுகிறேன்' என்று அவர் கோயிலில் எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆசிரியை விதியை வாசித்தார். தங்கச்சி, காத்திருந்த பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொன்னாள். போகாததற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது என்னுடையது இல்லை, அதனால் சொல்ல முடியாது என்றாள்.

ஒரு மாணவன் பாவப்பட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவள் இல்லை என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆசிரியை என் பக்கம் திரும்பினார். அண்ணனான உங்களுக்குக் காரணம் தெரியுமா என்று கேட்டார். காய்ச்சல், டாக்டர், மாத்திரை என்று ஒரு முழுக் கதை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பொய் சொல்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. லீவு போடுவதற்காகவே எத்தனையோ உறவினர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். மேஜைக்கு அடியில் தங்கச்சியின் ஷூ என் பூட்ஸை ஒரு மிதி மிதித்தது.

"தெரியும் மிஸ். ஆனா சொல்ல மாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

ஆசிரியை குரலைத் தாழ்த்தி, யாருக்காவது ஆபத்தா என்று கேட்டார்.

"இப்போ இல்ல மிஸ்" என்றாள் தங்கச்சி.

அங்கிள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பேனா நின்றது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மாட்டினோம் என்று நினைத்தேன்.

எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். தங்கச்சி தண்ணீர் பிடிக்கப் போனாள். அவள் அந்தப் பக்கம் போன மறுநிமிஷம் கதவு திறந்து அங்கிள் வந்தார். பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

"பசியாறிட்டியா தம்பி?"

"ஆச்சு அங்கிள்."

தோளில் கை போட்டார். "ஒன் தங்கச்சி இப்ப இல்லன்னு சொன்னிச்சே, எனக்கு வெளங்கிருச்சு. அந்தப் பொண்ணுதானே?"

"எந்தப் பொண்ணு அங்கிள்? ஆக்லாந்துல பொண்ணுங்களுக்கா பஞ்சம்?"

"வெளையாடாத லா. அவன் என் வீட்டுல வந்து சின்னப் புள்ள மாதிரி அழுவுறான். சோறு எறங்கல அவனுக்கு. புருஷன் பொண்டாட்டி சண்ட எந்த வீட்லதான் இல்ல? நாங்க நாலு பேரு உக்காந்து பேசி சேத்து வெச்சிருவோம். எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்லு." கதவைக் கண்ணால் காட்டினார். "உள்ளுக்க நான் பேசிக்கிறேன். ஒன் தங்கச்சி பேட்ஜு எங்கயும் போவாது."

அவர் மிரட்டவில்லை. கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே நல்லது செய்யத்தான் கேட்டார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஒரு பேட்டையின் பெயரைச் சொன்னால் போதும். தங்கச்சியின் படிப்பு, அம்மாவின் பெருமை, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. யாருக்கும் தெரியாது. தங்கச்சிக்குக்கூடத் தெரியாது. வாய் திறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் குழந்தை முயலால் முகத்தை மூடிக்கொண்டது கண்ணில் வந்தது.

"அங்கிள், அவருக்கு சோறு எறங்கலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் வெங்காயம் அள்ளுறவன், என்கிட்ட கேட்டா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். "பெரிய மனுசன்கிட்ட பேசுற பேச்சா இது? ஒங்கப்பாகிட்ட பேசிக்கிறேன்" என்று எழுந்து உள்ளே போனார்.

தங்கச்சி பாட்டிலோடு வந்து என் முகத்தைப் பார்த்தாள். "என்ன கேட்டாரு?"

"பசியாறிட்டியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆச்சுன்னு சொன்னேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுபடி கூப்பிட்டார்கள். ஆசிரியைதான் பேசினார். தனிப்பட்ட முறையில் உன்னை நம்புகிறேன், ஆனால் சொல்லாத காரணத்தை ஏற்றுக்கொள்ள இந்த விதியில் வழி இல்லை, ஓட்டுப் போட்டதில் விலக்குவதாக முடிவாகியிருக்கிறது என்றார். அங்கிள் எங்களைப் பார்க்கவில்லை. தங்கச்சி அங்கேயே பேட்ஜைக் கழற்றினாள். ஊக்கு சிக்கிக்கொண்டது. நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். தானே எடுத்து மேஜையில் வைத்து, தேங்க் யூ மிஸ் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

காரில் ஏறிய பிறகுதான் அழுதாள். வைப்பர் ஓட ஓட, வீடு வரைக்கும் அழுதாள்.

அன்று சாயங்காலமே அங்கிள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார், உன் மகனுக்கு மரியாதை தெரியவில்லை என்று. அப்பா என்னிடம் பல நாள் பேசவில்லை. அம்மாதான் பாவம். பேட்ஜ் ஏன் போனது என்று கோயிலில் கேட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், கொஞ்ச நாள் கோயிலுக்கே போகாமல் இருந்தாள். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா சோறு போடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

உதவித்தொகை கிடைக்கவில்லை. தங்கச்சி இப்போது ஒரு டெய்ரியில் (தெருமுனைக் கடைக்கு இங்கே அப்படித்தான் பெயர்) பால், ரொட்டி விற்றுக்கொண்டே நர்சிங் படிக்கிறாள். அந்த அக்காவுக்குத் தன் பெயரிலேயே விசா வந்துவிட்டது. வேலைக்குப் போகிறார். குழந்தை இப்போது வாய் ஓயாமல் பேசுகிறதாம், என் சகவாச தோஷமோ என்னவோ. விசா வந்த பிறகுதான் அவரே அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா போனை வைத்துவிட்டு தங்கச்சியின் பழைய ஸ்கூல் கோட்டை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். இதை எழுதலாமா என்று அந்த அக்காவிடம் கேட்டேன். எழுதுங்க தம்பி, அடையாளத்த மட்டும் மாத்திருங்க என்றார். மாற்றியிருக்கிறேன். எதை மாற்றினேன் என்று கேட்காதீர்கள்.

அங்கிளைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். போன மாதம்கூட ஊரிலிருந்து வந்து இறங்கிய ஒரு குடும்பத்துக்கு அலைந்து திரிந்து வீடு பிடித்துக் கொடுத்தார். ஆனால் இன்றைக்கும் யாராவது தோளில் கை போட்டு, 'நல்லதுக்குத்தானே கேக்குறேன், சொல்லு' என்றால், அந்தப் பெஞ்சு ஞாபகத்துக்கு வந்து வாய் தானாக மூடிக்கொள்கிறது.

எழுதி முடித்ததும் அந்த யாழ்ப்பாணத்து நண்பனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய் மச்சான், சரி, எனக்கு மட்டும் சொல்லு, அந்த அக்காவ எங்க கொண்டுபோய் விட்டனி?"