தமிழ் எழுத்தில் ஒரு தெலுங்கு அத்தியாயம்

அமெரிக்காவில், டெக்சாஸின் இர்விங்கில் சாலையோரம் நடந்துபோகிறவரைக் கண்டால் கார்கள் நிற்கும். வண்டி ரிப்பேரா, உதவி வேண்டுமா என்று கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள். அப்படி அடிக்கடி விசாரிக்கப்பட்டவர் எங்கள் அபார்ட்மென்டில் இருந்த கேசவராவ் அங்கிள். தெலுங்கு நாவலாசிரியர், முப்பது வருடம் பத்திரிகை நிருபர். மனைவி இறந்தபின் மகன் ஸ்ரீதர் இங்கே அழைத்து வந்திருந்தார். கணவரின் வேலையை ஒட்டி வந்த எனக்கு எச்-4 விசா; வேலைக்குப் போகக் கூடாது. பகலில் எனக்கு அவரும் அவருக்கு நானும்தான் பேச்சுத்துணை.

இளமையில் மெட்ராஸில் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் சரளமாகப் பேசுவார். "ஜரீனாம்மா, புயல்ல செத்தவங்க எத்தினி பேர்னு அன்னைக்குத் தந்தி அடிச்சேன். அவங்க யாருன்னு அடிக்கலை. அதைத்தான் இப்ப எழுதறேன்" என்றார் ஒருநாள். கடலோர ஆந்திராவில் அந்தப் புயல் அழித்த ஒரு கிராமத்தைப் பற்றிய நாவல் அது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

2007 கோடையில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. ஆங்கிலமும் தமிழும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் வெள்ளைக்காரப் பெண் ஒரு சாவியின் படத்தைக் காட்டினாள். "தாளம் செவி" என்றார் அங்கிள். அவள் என்னைப் பார்த்தாள். என் காதில் அவை இரண்டு தமிழ்ச் சொற்களாக விழுந்தன. அர்த்தமில்லை என்று நானே சொல்லிவிட்டேன். அவள் எழுதிக்கொண்டாள். அங்கிள் இடது கையால் படத்தைத் தட்டிவிட்டார்.

மாலையில் வந்த ஸ்ரீதர் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்பா கரெக்டாத்தான் சொல்லியிருக்காருங்க. தெலுங்குல சாவிக்கு அதான் பேரு."

அந்த வெட்கத்தோடுதான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வீடு திரும்பிய அங்கிள் அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தார், எழுத ஆளில்லை. "எனக்கு வீட்டுல பேசுற தெலுங்குதான் வரும். அப்பாவோட நாவல் நடை காதால கேட்டாலும் புரியாது, எழுதப் படிக்கவும் தெரியாது" என்றார் ஸ்ரீதர். மற்ற தெலுங்குக்காரர்கள் எல்லோரும் பகலில் ஆபீஸில். காதில் விழுந்ததை விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் திருப்பி வாசிப்பேன். சரியென்றால் கண்ணை மூடுவார், பிழையென்றால் கட்டிலைத் தட்டுவார். கடைசி வரிக்குப் பிறகு நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. மறுவாரம் இரண்டாவது பக்கவாதத்தில் போய்விட்டார்.

அஞ்சலிக் கூட்டத்தில் அதை வாசிக்க என்னைத்தான் அழைத்தார்கள். என் எழுத்தை வேறு யாராலும் படிக்க முடியவில்லை. ஒரு சொல்கூடப் புரியாமல் வாசித்தேன். பாதியில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஹால் முழுவதும் அழுதது. முடித்து இறங்கியதும் ஸ்ரீதர் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்:

"அப்பா என்னங்க எழுதியிருக்காரு?"

நோட்டை நீட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. எனக்கு மொழி தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நாங்கள் இருவரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.