பதினேழாம் கேள்வி

தொழில் வழிகாட்டி ஆலோசகர் என்று ஒரு பதவியை அரசாங்கம் கண்டுபிடித்த வருஷம், எங்கள் பள்ளியிலிருந்து என்னைத் தஞ்சாவூருக்கு, வாரம் ஒரு நாள் வீதம் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என் தகுதியைப் பார்த்து அல்ல. மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் சம்பா நடவைக் காரணம் காட்டித் தப்பித்துவிட்டார்கள். எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு வாய்த்த பேராசிரியர் கட்சி மேடைக்குப் போயிருக்க வேண்டியவர். ஒவ்வொரு வகுப்பிலும் அரை மணி நேரம் சமூக நீதி முழங்குவார். பிறகு, எந்த நாட்டிலிருந்தோ வந்து தமிழாக்கப்பட்ட வினாத்தாளை எடுப்பார். பனிச்சறுக்கு பிடிக்குமா, குதிரையேற்றம் பிடிக்குமா? முழங்கால் சேற்றில் வளர்ந்த பிள்ளைகளிடம் இதைக் கேட்டு, எதிர்காலத்தில் அவர்கள் டாக்டரா தச்சரா என்று நாங்கள் கணித்துவிட வேண்டுமாம். கிளி ஜோசியக்காரன் இதைவிட யோக்கியன். அவன் கிளிக்காவது நெல் போடுவான். நாங்கள் வாத்தியார்கள், வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுத்தோம்.

பேராசிரியரின் குடும்பத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம்தான் நிலம். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது வண்டிக்காரன் பெயரிலும் சமையல்காரன் பெயரிலும் எழுதிவைத்துக் காப்பாற்றிய நிலம் என்று டீக்கடையில் சொல்வார்கள். வகுப்பில் அதைப் பற்றி அவர் முழங்கியதில்லை.

பயிற்சியின் கடைசியில் ஆளுக்கு ஐந்து மாணவர்களைப் பேட்டி கண்டு அறிக்கை எழுத வேண்டும். பதினோராம் வகுப்பில் யாருக்கு எந்தப் பிரிவு என்பதை அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் தலைமையாசிரியர் முடிவு செய்வார். நான் முதலில் எழுதியது ஒரு மிராசுதார் வீட்டுப் பையனைப் பற்றி. கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன். பதினேழாம் கேள்வி இது: உங்கள் குழுவில் தகராறு வந்தால் முன்னால் நின்று பேசுவீர்களா, ஒதுங்கிக்கொள்வீர்களா, பெரியவர்களிடம் சொல்வீர்களா? முன்னால் நின்று பேசுவேன் என்று குறித்திருந்தான். பேராசிரியர் சிவப்பு மையில் ‘நிர்வாகத் திறமை’ என்று எழுதி அறிவியல் பிரிவுக்குப் பரிந்துரைத்தார்.

அடுத்த வாரம் ஒரு பெண்ணின் தாளை நீட்டினேன். கணக்கில் வகுப்பிலேயே முதல். மாட்டு டாக்டராக வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதே கேள்விக்கு அதே பதில்.

“பொண்ணு எந்தத் தெரு?” என்றார்.

எங்கள் பக்கத்தில் சாதியைக் கேட்பது நாகரிகம் இல்லை, தெருவைக் கேட்பார்கள்.

“கீழத்தெருங்க சார்.”

அந்த மாதம்தான் மிராசுதார்கள் கீழத்தெருவை ஒதுக்கிவிட்டு அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார்கள். கீழத்தெருப் பெண்கள் வரப்பில் வரிசையாக நின்று மறித்தார்கள், இவள் அம்மாவும் அதில் இருந்தாள். நான்கு நாளாகப் போலீஸ் வேன் வாய்க்கால் கரையைவிட்டு நகரவில்லை. மறித்தது யார் வயலில் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

‘கட்டுப்படாத இயல்பு. தையல் பிரிவு’ என்று எழுதினார்.

“போன வாரம் அந்தப் பையனும் இதே பதிலத்தாங்க சார்...”

“அவன் குடும்பம் வேற, இது வேற. உங்களுக்கு சர்டிபிகேட் வேணுமா, வேணாமா?”

வேண்டும் என்றேன். அவரைத் திட்டுவது எனக்குச் சுலபம், இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த வரியை நல்ல கையெழுத்தில் அறிக்கையில் ஏற்றிக் கையொப்பம் போட்டவன் நான்.

மறுநாள் பள்ளியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் தையல் பிரிவு என்று சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். அதற்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

“எந்தக் கேள்விங்க சார் தப்பாப் போச்சு?”

“பதினேழு.”

“எதப் போட்டுருக்கணும்?”

“பெரியவங்ககிட்ட சொல்லுவேன்னு போட்டுருக்கணும்.”

என்னை மடக்க வேண்டும் என்ற எண்ணமே அவள் முகத்தில் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பவளாகத்தான் நின்றாள்.

“எங்க ஊர்ல தகராறே அவுங்களோடதானே சார்? அப்ப யாருகிட்ட சொல்றது?”

“அடுத்த பிள்ளைய வரச் சொல்லு” என்றேன்.