எழுத்துல என்னங்க வருது?

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் வருமானத்தைக் கேட்டால் அவர் உடனே பதில் சொல்லிவிடமாட்டார். கேட்கிறவர் யார் என்று முதலில் பார்ப்பார். வரி ஆபீஸ் ஆள் என்றால் நட்டம். சம்பந்தம் பேச வந்தவர் என்றால் நல்ல லாபம். சொந்தக்காரர் என்றால் “ஏதோ ஓடுது.” போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவரும் தறி ஓட்டுகிறவரும் கோழிப்பண்ணைக்காரரும் இதில் ஒன்றுதான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் இது தெரியும். ஆனால் நான் எழுதிப் பிழைக்கிறவன். என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் நல்ல எண்ணத்தோடு கேட்டதில்லை.

ஊர்க்காரர்களுக்கு என்மேல் சந்தேகம். பகலெல்லாம் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆம்பளை என்னதான் செய்வான்? ஆன்லைன் ரம்மி என்றார்கள். ஷேர் என்றார்கள். வட்டிக்கு விடுகிறேன் என்றுகூட டீக்கடையில் பேச்சு. பத்திரிகைக்குக் கட்டுரை, யாரோ ஒருவர் பெயரில் வரும் சுயசரிதை, செல்போனில் கேட்கிற தொடர்கதை என்று நான் எழுதித் தள்ளியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கோ போனில் வருகிறவர்கள்மேல் சந்தேகம். “உங்கள் நூலை விருதுக்குத் தேர்வு செய்திருக்கிறோம், நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்” என்பார்கள். ஒருமுறை ஏமாந்து கட்டியும் இருக்கிறேன். பிளாஸ்டிக் கேடயம் ஒன்று வந்தது. அம்மா அதை அரிசி டப்பாவுக்கு மூடியாகுமா என்று வைத்துப் பார்த்தார். ஆகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தங்கைக்கு நாமக்கல் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. கோழிப்பண்ணைக் குடும்பம். பள்ளிபாளையத்தில் அவள் பார்க்கிற வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகும் பார்க்கட்டும் என்று சொன்ன முதல் மாப்பிள்ளை அவர்தான். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இது அமைந்தால் போதும் என்று வாய்விட்டே சொன்னாள். அப்பா இல்லாத வீடு. அண்ணன் என்ன சம்பாதிக்கிறான் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

“ஆள உட்டு விசாரிப்பாங்க சாமி, எவங்கிட்டயும் வாயக் குடுக்காத” என்றார் அம்மா. விசாரிக்கிறவர்கள் டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் கேட்டுவிட்டுப் போவார்கள், நம் வாசலுக்கே வந்து கேட்கமாட்டார்கள் என்று நான் இருந்துவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் பைக்கை நிறுத்தினார்.

“இந்தப் பக்கம் எடம் ஏதாச்சும் வெலைக்கு வருதுங்களா?”

இல்லை என்றேன். அவர் போகவில்லை. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல் மாடியைப் பார்த்தார்.

“தம்பி எழுதறவருங்களாமா?”

இடம் தேடி வந்தவருக்கு நான் எழுதுவது எப்படித் தெரியும்?

“எழுத்துல என்னங்க வருது?”

விருதுக்காரன்தான், இப்போது நேரிலேயே வர ஆரம்பித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். ஆத்திரமாக வந்தது.

“ஒண்ணும் வாரதில்லீங்க. எழுதிக் குடுத்தாலும் பாதிப் பேரு காசு தாரதில்ல. உங்களுக்குக் கட்டறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. வேற ஊட்டப் பாருங்க.”

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். “சரிங்க, வாரேனுங்க” என்று கிளம்பினார்.

மறுநாள் தரகர் போன் செய்தபோதுதான் தெரிந்தது, வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். தங்கை, கழுவி வைத்த தட்டுகளையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கமாட்டாமல் மாடிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரமே சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். என்னால் நம்ப முடியவில்லை. பெரியப்பா வீட்டில் சொன்னதைத் தரகர் அப்படியே ஒப்பித்தார்.

“இல்லாதவனா இருந்தா நம்மகிட்ட லச்சக்கணக்குல அளந்திருப்பான். அந்தத் தம்பி வாசல்லயே ஒண்ணுமில்லைன்னுட்டான். இருக்கறவந்தான் அப்பிடிச் சொல்லுவான். இவ்வளவு இருக்கறவங்ககிட்ட இத்தனை பவுன் போடுங்கன்னு நாம கேக்கறது மரியாதையில்ல.”

கேட்டிருந்தால் குறைத்துப் பேசியிருக்கலாம். கேட்காததால் அவர்கள் மனதில் என்ன நினைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. உறுதி வார்த்தை பேசி நிச்சயம் செய்த அன்று பெரியப்பாவைத் தனியாக அழைத்துப்போய், “நெசமாவே எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க” என்றேன். அவர் சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நானும் பண்ணை போட்ட நாள்லருந்து நட்டம்னுதானுங்க சொல்லிட்டிருக்கறேன்.”

அதற்குமேல் நான் பேசவில்லை. பேசினால் தங்கைக்குக் கெடுதலாகிவிடும் என்ற பயம். அப்பா வெள்ளாமை செய்து விட்டுப்போன காட்டில் ஒரு பகுதியை விற்று நகை எடுத்தோம். கறுப்பை வெள்ளையாக்கத்தான் காட்டை விற்கிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் தங்கை கேட்டதுதான் வலித்தது.

“ஏண்ணா, நெசமாலுமே காட்ட வித்துத்தான் செய்யறியா? இல்ல, ஊருக்குக் காட்டறதுக்கா?”

நான் எழுதிய எல்லாவற்றையும் முதலில் படிப்பவள் அவள்தான். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நம்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுவிருந்துக்குப் போனபோது பெரியப்பா தன் மகளை என் பக்கத்தில் உட்காரவைத்தார். காலேஜ் கடைசி வருஷம்.

“என்ற சின்னப் பொண்ணுங்க. எழுதத்தான் போவேன்னு நிக்கறா. இதுல பொழைக்க முடியுங்களா?”

முதல்முறையாக அந்தக் கேள்வி நல்ல எண்ணத்தோடு வந்திருந்தது. அந்தப் பெண் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமாவது சரியாகச் சொல்லவேண்டும் என்று இருந்தது.

“முடியாது சாமி. வேற வேலைல சேந்துக்க. எழுதறத உட்டுடாத, ஆனா அத நம்பி எறங்காத.”

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா சாமி, போட்டிக்கு ஆளு வந்துரக் கூடாதுன்னு பாக்கறாரு.”

அவள் சிரிக்கவில்லை. “அப்பறம் ஏன் மாமா நீங்க மட்டும் உடாம எழுதறீங்க?” என்றாள்.

பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் நம்புவார்கள்? அந்தப் பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் பெரியப்பா. இரண்டு பேருமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏதோ ஓடுது சாமி” என்றேன். நான் சொன்னது சரிதானே என்பதுபோலப் பெரியப்பா மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தங்கையும் ஆட்டினாள்.