சாம்பிளுக்கு மட்டும் கனமாகக் கட்டிய துடைப்பம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாவது வரைதான், பாதி மறந்தும் போகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் நானும் பக்கத்து வீட்டு லூர்துவும் இன்னும் சில பெண்களும் தென்னந்துடைப்பம் கட்டி விற்கிறோம். தெரு கூட்டுவதற்குத் துடைப்பம் வேண்டும் என்று மாநகராட்சி டெண்டர் வந்தபோது நாங்களும் போட்டோம். சாம்பிள் கேட்டார்கள். ஆபீசுக்குப் போவதாயிற்றே என்று நீள ஈர்க்காகப் பொறுக்கி, இரண்டு பங்கு கனமாக ஒன்று கட்டிக் கொடுத்தேன். ஆர்டர் கிடைத்தது.

சரக்கை வேனில் கொண்டுபோனோம். ஸ்டோர்க்காரர் என் சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல பாதிகூட இல்லையேம்மா. இறக்க முடியாது."

"அது ஆபீசுக்குன்னு பாத்துப் பாத்துக் கட்டுனதுங்க சார்."

"அப்ப இதெல்லாம் யாருக்கும்மா?"

சரக்கோடு திரும்பும்போது லூர்து, "பொண்ணு பாக்க வந்தப்ப தங்கச்சியக் காட்டிட்டு, மணவறையில அக்காவ உக்கார வச்சிட்டீங்களே" என்றாள்.

கெடு தாண்டினால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். எல்லாவற்றையும் அவிழ்த்து, இரண்டை ஒன்றாகக் கட்டி, குறைந்ததற்கு வெளியே ஈர்க்கு வாங்கி, எப்படியோ ஒப்படைத்தோம். விலை மட்டும் பழைய விலைதான், கூலிகூட மிஞ்சவில்லை. சாம்பிள் போலவே எல்லாம் இருக்கவேண்டும் என்று முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? கூச்சப்படாமல் நானாவது கேட்டிருக்கக் கூடாதா? நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

இப்போது சாம்பிள் கேட்டால், விற்கிற குவியலிலிருந்தே ஒன்றை உருவிக் கொடுக்கிறேன். என்ன நீளம், என்ன எடை என்று எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். அப்படிக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்கிறார்கள். அது சரிதானா என்று டெண்டர் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.