கால் சுடாத இடம்

பெரம்பலூரில் நான் வாட்ச்மேனாக இருக்கும் கட்டடத்தின் முதல் மாடியில் டயாலிசிஸ் மையம் இருக்கிறது. தண்ணீர் நின்றால் மற்ற மாடிக்காரர்கள் திட்டுவார்கள், அவ்வளவுதான். மையத்துக்கு நின்றால் மெஷின் ஓடாது, நோயாளியைத் திருச்சிக்கு அனுப்ப வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாடியில் நடக்கும் வைத்தியம் எனக்குப் புரியாது, ஆனால் அது தண்ணீரில் ஓடுகிறது என்பது புரியும். அதனால் காலையில் பல் விளக்கும் முன்பே தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவேன்.

போன சித்திரையில் ஒரு நாள் அப்படித் தூக்கினால் தரை தெரிந்தது. எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். நகராட்சியில் திறந்தால் மாலை வரை வரும். அன்று திறந்துதான் இருந்தது, ஆனாலும் சம்ப்பில் நூல் மாதிரிதான் விழுந்தது. கேட்டுப் பக்கம் தரை சேறாகிக் கிடந்தது.

தா.பழூர்க்கார பிளம்பருக்குப் போன் போட்டேன். என்னைவிட இளையவர், எதற்கும் பதறாதவர். ஈரம் இருந்த இடத்தைத்தானே தோண்டுவோம், தோண்டினோம். குழியில் தண்ணீர் ஊறியது. குழாயோ முழுசாக இருந்தது.

“குழாயி மாப்பிள்ள மாதிரி படுத்துருக்குண்ணே. தண்ணி வேற எங்கேருந்தோ வருது.”

கேட்டிலிருந்து சம்ப்பு வரை நெடுக சிமென்ட் கல் பதித்திருக்கிறது. கல்லுக்கு அடியில் மணல். எங்கே கசிந்தாலும் மணல் வழியாகவே ஓடிப் பள்ளத்துக்கு வந்துவிடும். எல்லாக் கல்லையும் பெயர்க்கப் பொழுது போதாது. கசியும் சத்தம் கேட்கிறதா என்று பிளம்பர் கடப்பாரையைத் தரையில் ஊன்றி நுனியில் காதை வைத்தார். பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

நர்ஸம்மா இறங்கி வந்து, சாயந்திரம் வருகிறவர்களைத் திருச்சிக்குப் போகச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மையத்துக்கு வருகிறவர்கள் செருப்பைப் படிக்கட்டில் விட்டுவிடுவார்கள். போன் வந்தால் வெறுங்காலோடு வெளியே வந்து, மத்தியான வெயிலில் தத்தித் தத்தி ஓடுவார்கள். யாராவது குழியில் விழுந்துவிடுவார்களோ என்று நான் அதற்கு வேறு காவல் நின்றேன். அப்போதுதான் குன்னத்துக்கார அம்மா ஒருவரைப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரருக்கு அன்று சாயந்திரம் முறை. அந்த அம்மா மட்டும் நடு வெயிலில் வெறுங்காலோடு அசையாமல் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்.

“நெழல்ல வந்து நில்லுங்கக்கா. மயக்கம் வந்துரப்போவுது.”

“நெழலு வரைக்கும் யாரு சுடுகால்ல ஓடுறது? இங்கதான் தம்பி காலு சுடல. எல்லாரும் இங்கதான் நின்னு பேசுறோம்.”

செருப்பைக் கழற்றி அங்கே காலை வைத்தேன். கொஞ்சமும் சுடவில்லை. சர்க்கரை வியாதி வந்து கால் மரத்துப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பயந்துபோய் ஓர் அடி தள்ளி வைத்தேன். நன்றாகச் சுட்டது. அப்படிச் சுட்டதற்குச் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

பிளம்பரைக் கூப்பிட்டேன். அந்தக் கல்லைப் பெயர்த்தால் மணல் சொதசொதவென்று இருந்தது. முழங்கால் ஆழத்தில், கோடையில் சுருங்கிய கரிசல் மண் குழாயை இழுத்து இணைப்பைப் பிரித்து வைத்திருந்தது. தெரு வால்வை மூடி, துண்டு வெட்டி, புதுக் குழாய் வைத்து ஒட்டினார். ஒட்டு காய்ந்ததும் வால்வைத் திறந்து, மண் தள்ள மண்வெட்டியை எடுத்தார். நான் விடவில்லை. சட்டைப் பையிலிருந்த திருநீற்றை இணைப்பில் சுற்றிலும் தூவினேன். துளி கசிந்தாலும் நிறம் மாறிவிடுமே.

“குழாய்க்கே துண்ணூறு பூசியாச்சு. இனிமே அதுக்கு ஒரு கொறையும் வராது” என்று பிளம்பர் கும்பிட்டார்.

திருநீறு வெள்ளையாகவே இருந்தது. சம்ப்பில் தண்ணீர் கொட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது. ஜன்னலில் நின்ற நர்ஸம்மாவுக்குத் தலையாட்டினேன். சாயந்திரம் குன்னத்துக்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். திருச்சிக்கு யாரும் போகவில்லை.

அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா போனோடு பழைய இடத்துக்கே போய் நின்று, உடனே துள்ளினார்.

“நிக்கிறதுக்குன்னு இருந்த ஒரே எடத்தையும் கெடுத்துட்டீங்களே, தம்பி.”

அன்றிலிருந்து தினமும் அங்கே ஒரு சாக்கை நனைத்துப் போடுகிறேன். யாராவது வழுக்கி விழுந்துவிடுவார்களோ என்று அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.