காற்றாடிக்காரருடன் கட்ச்சுக்கு

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒன்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது. என் வீட்டுக்காரர் பூதலிங்கத்துக்குப் பத்து ரூபாய், எங்கள் மூன்று மூட்டைகளுக்கு முப்பது. அரிசிச் சாக்கைப் பார்த்துவிட்டு நடத்துநர், "குடிமாறிப் போறியளா?" என்று கேட்டார். "அவரு போறாரு. நான் பாத்துட்டு வாறேன்," என்றேன். அந்தப் பயணத்தில் என் நிலைமை அவ்வளவுதான்.

இவர் பதினாறு வருஷமாக ஆரல்வாய்மொழியில் காற்றாலை டெக்னீஷியன். காத்தாடிக்காரர் வீடு என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இப்போது அங்கே பழைய சின்ன இயந்திரங்களைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். கம்பெனி இவரைக் குஜராத்துக்கு, கட்ச் மாவட்டத்தில் நகத்ராணா என்ற ஊரில் புதிதாக நிறுத்தியிருக்கும் பெரிய இயந்திரங்களுக்கு மாற்றிவிட்டது. சம்பளம் கூடுதல். வேண்டாம் என்றால் வேலை இல்லை.

எங்கள் மாவட்டத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆண் பெட்டியோடு போவான், பெண்ணும் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். என் அப்பா பத்தொன்பது வருஷம் சவூதியில், தமாமில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது வந்து நின்றவரை "மாமா" என்று கூப்பிட்டேனாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. வளைகுடா மாப்பிள்ளை வேண்டாம் என்று மூன்று வரன்களைத் தட்டிக்கழித்துத்தான், சாயங்காலமானால் பைக்கில் வீடு திரும்புகிற இவரைக் கட்டினேன். இப்போது இவரும் பெட்டி கட்டியாயிற்று. ஐந்தாம் வகுப்பு முடித்த மகள் சிவானியை அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கூடவே கிளம்பினேன். இடத்தைப் பார்த்துவிட்டு, நாங்களும் போவதா, இங்கேயே இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். "உன் இஷ்டம்" என்று இவர் சொல்லியிருந்தார்.

மதியம் இரண்டு மணி, நாகர்கோவில் சந்திப்பு. காந்திதாம் போகும் ரயில் வாரத்துக்கு ஒன்றுதான், இரண்டே முக்காலுக்கு எடுப்பான். பிளாட்பாரத்தில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். அவள் கணவர் சகாயம் அதே நகத்ராணாவில் கிரேன் ஆப்பரேட்டர். இவர் தங்கப்போகிற வீட்டில்தான் இருக்கிறார். அவருக்காக முட்டத்திலிருந்து நாலு கிலோ கருவாடு கொண்டு வந்திருந்தாள். நாங்கள் முட்டைகூடப் புழங்காத சைவக் குடும்பம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அக்கா, அவர நல்லா பாத்துட்டு வந்து சொல்லணும். போன்ல மூஞ்சி மட்டும்தான் தெரியுது. மெலிஞ்சிட்டியளான்னு கேட்டா, கொள்ளாம், நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுகாரு," என்றாள்.

நாலு சுற்று செய்தித்தாள், மேலே இரண்டு பிளாஸ்டிக் பை. திருவனந்தபுரம் வரை அடங்கிக் கிடந்த கருவாடு, கொல்லம் தாண்டியதும் தன் வேலையைக் காட்டியது. எர்ணாகுளத்தில் ஏறிய குஜராத்தி அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டார். இவர் தனக்குத் தெரிந்த காற்றாலை இந்தியில் பதில் சொன்னார்.

"என்ன சொன்னிய?"

"மருந்துன்னு சொன்னேன். உனக்கு மூட்டுவலின்னு."

"பொய் எம்பிட்டு லேசா வருது உங்களுக்கு."

இவர் சிரித்தார். அந்த அம்மா என் முழங்காலைப் பரிதாபமாகப் பார்த்து இரண்டு தேப்லா எடுத்துத் தந்தார். வெந்தயக்கீரை போட்ட சப்பாத்தி. ருசியாகவே இருந்தது.

புதன் முழுவதும் ரயில்தான். விடியும்போது மங்களூர்ப் பக்கம், மதியம் கோவா, பிறகு எண்ணி முடியாத சுரங்கங்கள். சாயா எங்கே வாங்கினாலும் பதினைந்து ரூபாய், எங்கே வாங்கினாலும் வெந்நீர். வியாழக்கிழமை காலை அகமதாபாத் தாண்டியதும் மரங்கள் குறைந்து, கடைசியில் உப்பளம் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாமித்தோப்பு உப்பளமெல்லாம் இதில் ஒரு மூலைக்குக் காணாது. மதியம் காந்திதாமில் இறங்கினோம். கம்பெனி ஜீப்பில் புஜ் வழியாக இன்னும் நூற்றுப்பத்து கிலோமீட்டர். வழியெல்லாம் கருவேல முள்ளும் காற்றாடியும்தான். இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். பொருட்காட்சிக்கு வந்தவர் போல இருந்தது எனக்கு.

நகத்ராணா வீட்டில் இரண்டு பேர். கதவைத் திறந்தவர் தக்கலைக்காரர் ஜெஸ்டின். சகாயம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் கடைக்குப் போகும்போது பைக் சறுக்கி விழுந்ததாம்.

"வீட்டுல தெரியாண்டாம் அக்கா. அவ கெடந்து அழுவா. தெரிஞ்சு இப்பம் என்ன செய்யப்போறா?" என்றார்.

சாயங்காலம் ஏழு மணி. சகாயம் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, தலை சீவி, தண்ணீர்க் குடத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்தார். இடுப்புக்கு மேலேதான் தெரியும். எவ்வளவு பழகிய கை என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வீடியோ காலில் வந்த ஸ்டெல்லா என்னைக் கேட்டாள். போன் என் கைக்கு வந்தது.

"அக்கா, மெலிஞ்சிருக்காரா?"

"மெலியல்ல ஸ்டெல்லா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீயே பாத்துக்கோ" என்று போனைக் காலுக்குத் திருப்பினேன்.

"எப்பம்?" என்று மட்டும் ஸ்டெல்லா கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் அவர்களை விட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தோம். நாங்கள் சைவம் என்பதால் ஜெஸ்டின் மொட்டைமாடியில் தனி அடுப்பு வைத்துக் கருவாடு பொரித்தார். சகாயம் அதைத் தொடவில்லை, ஐந்து நாள் என்னோடு பேசவுமில்லை. நான் செய்தது சரி என்று இன்றைக்கும் வாதாட மாட்டேன், அது அவர்கள் வீட்டு விஷயம். ஆனால் அந்த இஸ்திரிச் சட்டையில் என் அப்பாவைப் பார்த்துவிட்டேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. முற்றத்தில் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது இவர், "ஏட்டி, ஒண்ணு சொல்லணும்," என்றார். கம்பெனி கொடுத்த படிவத்தில் குடும்பத்தோடா, தனியாகவா என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கே, நாகர்கோவில் ஆபீசில் வைத்தே, தனி என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"அப்பம் என்னைய எதுக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் இழுத்துட்டு வந்திய?"

"பாத்தா நீயே வேண்டாம்னு சொல்லிருவன்னு நெனச்சேன்." கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம ஊர்ல எல்லாவனும் அப்படித்தான போறான். எழுதும்போ வேற மாதிரி எனக்குத் தோணவே இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மதியம் வரை இவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்காமல் எழுதியதைவிட, கேட்பது போல நடித்ததுதான் அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகுதான் ஊரை ஒழுங்காகப் பார்த்தேன். தண்ணீர் லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். மதியம் பன்னிரண்டுக்குமேல் வெளியே தலைகாட்ட முடியாது. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். ஆங்கிலமும் இந்தியும் நடத்துவார்கள், சிவானிக்கு இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. பூதப்பாண்டியில் எங்கள் வீட்டு வாசலை ஒட்டிக் கால்வாய் ஓடும், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டும்வரை வயல். இங்கே வாசலைத் திறந்தால் புழுதி. இவர் போட்ட கணக்கு தப்பில்லை. இடத்தை மட்டும் பார்த்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு இவரையும், இந்திக்காக ஜெஸ்டினையும் கூட்டிக்கொண்டு சைட் ஆபீசுக்குப் போனேன். பொறுப்பாளர் மரியாதையான மனிதர், எனக்கு நாற்காலி போடச் சொன்னார். தனியாக இருப்பவர்களுக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை இருபது நாள் விடுப்பு. குடும்பத்தோடு வந்தால் வீடு கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரு விடுப்புதான், மூன்று வருஷத்துக்கு மாற்றல் கேட்கக்கூடாது. ஜெஸ்டின் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அக்கா, நல்லா யோசிச்சுக்கிடுங்க. மூணு வருசமாக்கும்," என்றார்.

யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. என்னிடம் துணி தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்கள், அக்கா, சிவானியின் தோழிகள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். பொறுப்பாளர் பழைய படிவத்தை எடுத்து, அடித்துத் திருத்தினால் போதும் என்றார். புதுத் தாள் கேட்டேன். இவர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல எழுதுங்க," என்றேன். குடும்பத்தோடு என்று எழுதினார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை சகாயம் வாய் திறந்தார். "அவ வாறாளாம் அக்கா. டிக்கெட் எடுத்தாச்சாம். திருவனந்தபுரம் தாண்டாதவ." குரலில் கோபமா பெருமையா என்று தெரியவில்லை. வெள்ளியன்று இவர் என்னைக் காந்திதாமில் ரயிலேற்றிவிட்டார். சிவானிக்குப் பள்ளிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மூன்று வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். வீட்டுக்கு வெள்ளை அடித்து வைக்கிறேன் என்றார். அதை நம்பினேன்.

ஞாயிறு மதியம் நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி பஸ். எங்கள் தெருவின் செல்லம்மை அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்பிளைய விட்டாச்சா? லீவுக்கு எப்பம் வருவான்?"

"அவருக்கு லீவு கொறவுக்கா. நாங்கதான் போறோம்."

"பிள்ளையையும் கொண்டா? அய்யோ பாவமே, அவ்வளவு தூரமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மனதாரத்தான் சொன்னார், எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா தமாமில் இருந்த பத்தொன்பது வருஷமும் என் அம்மாவை இவர்கள் எல்லோரும் கொடுத்து வைத்தவள் என்றுதான் சொன்னார்கள்.