முழுசாவா முழுங்குனீங்க?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணி. புதுச்சத்திரத்தில் ஒரு சின்ன கிளினிக்கின் பெஞ்சில் படுத்துக்கொண்டு, நான் சாகப்போகிறேன் என்று முடிவு செய்தேன்.

மிகைப்படுத்தவில்லை. ராசிபுரத்தில் நாமக்கல் பஸ் ஏறியபோது நன்றாகத்தான் இருந்தேன். லாரிக்கு பாடி கட்டும் நண்பன் ஒருவனின் பட்டறைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆண்டகளூர் கேட் தாண்டியதும் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அடித்தது என்றால்... பக்கத்து சீட்காரருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். வாய் உலர்ந்துவிட்டது. சட்டை முழுக்க வியர்வை.

கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்ணா, மூஞ்சியெல்லாம் இப்படி வேர்க்குது? நெஞ்சு ஏதாச்சும் வலிக்குதுங்களா?"

"தெரியலீங்க."

"தெரியலீங்கன்னா எப்படிங்க! புதுச்சத்திரத்துல எறங்கிக்கங்க. அங்க டாக்டர் இருக்காரு. நாமக்கல் வரைக்கும் தாங்கமாட்டீங்க."

இப்படியா ஒரு மனிதனுக்குத் தைரியம் சொல்வது?

கிளினிக்கில் டாக்டர் இன்னும் வரவில்லை. நர்ஸ் அம்மா பிரஷர் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "நூத்தி எழுபது காட்டுதுங்க. காலையில என்னங்க சாப்பிட்டீங்க?"

நான்கு இட்லி, இரண்டு டீ, ஒரு மாத்திரை.

"என்ன மாத்திரை?"

அதைச் சொல்லத்தான் நான்கு மாதமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். நான் எழுதிவரும் இந்தப் பக்கத்தில்கூடச் சொல்லவில்லை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு ஏ.டி.ஹெச்.டி. மனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு. குழந்தைகளுக்கு வருவது என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இருப்பதாகச் சேலத்தில் ஒரு மனநல டாக்டரம்மா சொன்னபோது சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

யோசித்தால் ஆச்சரியம் இல்லை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. சங்ககிரியில் லாரி கிளீனர், பிறகு ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று போர்வெல் போட்டேன். தறி, பார்சல் ஆபீஸ்... எதிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. சோறு இல்லாத நாட்களும் இருந்தன. அதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். கடைசியாக நடந்ததுதான் வீட்டுக்காரம்மாவை உலுக்கிவிட்டது. பால் வாங்கப் போனவன், மறுநாள் ஓசூரிலிருந்து போன் செய்தேன். வழியில் ஒரு பழைய டிரைவரைப் பார்த்தேன், பேசிக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டேன். இதில் என்ன இருக்கிறது என்று அப்போது உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

"அடுத்த தடவை திரும்பி வந்தீங்கன்னா ஊடு பூட்டியிருக்கும். சொல்லிட்டேன்" என்றாள் ஸ்டெல்லா. என் மனைவி. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சத்தம் போடாமல் பேசியது அன்றுதான். அதனால்தான் பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன்.

அந்த மாத்திரை எல்லாக் கடையிலும் கிடைக்காது. தனிச் சீட்டு வேண்டும்; ஒரு நகலைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார். குறைந்த அளவில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். தூக்கம், பசி, பிரஷர் எல்லாம் குறித்துக்கொண்டு போகவேண்டும். காலி அட்டைகளையும் கொண்டுவந்து காட்டவேண்டும்.

"வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று முதல் நாளே டாக்டரம்மா சொன்னார். மனைவிக்கு முட்டி வலி, பஸ் ஏறமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா அந்த வாரம்தான் சர்ச் ஆட்களோடு வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்திருந்தாள். என் கோளாறுகளை அவள் வாயால் டாக்டர் கேட்கக்கூடாது... அவ்வளவுதான் காரணம்.

மாத்திரை வேலை செய்யும், செய்யாது. காலை உணவு முடிந்ததும் ஒரு வேகம் வரும். பத்து மணிக்குப் பிரமாதமாக எழுதுவேன். பதினொன்றுக்கு எல்லாம் இறங்கி, சாவியைத் தேடிக்கொண்டிருப்பேன். டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். "நாள் முழுக்க நிக்கவேண்டிய மாத்திரை ஆச்சே!" அளவை ஏற்றினார். அதே கதை. மறுபடி ஏற்றினார். மூன்று தடவை ஏற்றிவிட்டார்.

"டெய்லி ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ஒரு நாள் விடறதில்லீங்க. ஊட்டுல எடுத்துக் குடுத்துருவாங்க."

அது நிஜம். நானே எடுத்துக்கொண்டால் மறந்துவிடுவேன் என்று, மாத்திரைப் பொறுப்பு ஸ்டெல்லாவிடம். ஒரு கையில் தண்ணீர் டம்ளர், இன்னொரு கையில் மாத்திரை. நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, சாவியைத் தேடிக்கொண்டே, வாயில் போட்டு விழுங்கிவிடுவேன்.

அந்தச் செவ்வாய்க்கு முதல் நாள் அவள் பரமத்தி வேலூரில் தங்கச்சி வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போனாள். மாத்திரையைப் பேப்பரில் மடித்து மேஜைமேல் வைத்திருப்பதாகச் சொன்னாள். மறுநாள் காலை அந்தப் பொட்டலத்தைக் காணோம். என் வீட்டில் காணாமல் போகாத பொருள் எது? பீரோவைத் திறந்து, அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்து விழுங்கிவிட்டு பஸ் ஏறினேன்.

பெஞ்சில் படுத்தபடியே அவளுக்குப் போன் போட்டேன். கடைசியாக ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்றுதான்.

"பொட்டலத்தைக் காணோம் புள்ள. அட்டையில இருந்து எடுத்துப் போட்டுக்கிட்டேன்..."

"ஐயோ மாதாவே! முழுசாவா முழுங்குனீங்க?"

"முழுசா இல்லாம? பின்ன எப்படி முழுங்குவாங்க?"

பின்னணியில் குழந்தை அழுகிறது. யாரோ பிரியாணிக்கு ஆள் கூப்பிடுகிறார்கள்.

"ஏனுங்க... நான் உங்களுக்குப் பாதிதானுங்க குடுத்துட்டு வாரேன்."

"எத்தனை நாளா?"

"மொத நாள்ல இருந்து."

நெஞ்சுப் படபடப்பை மறந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாதம்! தினமும் காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டி, பாதியை எனக்குக் கொடுத்திருக்கிறாள். மீதிப் பாதி? மறுநாள் கொடுத்தால் அட்டை தீராது. டாக்டர் காலி அட்டை கேட்பாரே! அதனால் வேளாங்கண்ணியில் வாங்கிய பிளாஸ்டிக் மாதா பாட்டில் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறாள். தீர்த்தம் கொண்டுவருவார்களே, அந்த நீலக் கிரீடம்தான் மூடி. அன்று மாலை வீட்டில் பார்த்தேன். மாதா இடுப்பு வரைக்கும் என் மாத்திரை. மருந்தைக் குப்பையில் போடுவது பாவமாம்.

புதுச்சத்திரம் டாக்டர் வந்து, மறுபடி பிரஷர் பார்த்து, அது இறங்கும்வரை உட்காரவைத்து அனுப்பினார். சாகவில்லை. ஆனால் அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை.

ரிக்கில் இருந்தபோது இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. துளை போடும் டிரில்லர் காற்றழுத்தத்தை ஏற்றச் சொல்லிக் கையைத் தூக்குவார். கம்ப்ரஸர் பக்கம் நின்ற ஆளுக்கு ஹோஸ் குழாய் வெடித்துவிடுமோ என்று பயம், பாதிதான் ஏற்றுவான். பாறை கெட்டி என்று நினைத்து டிரில்லர் மறுபடி கையைத் தூக்குவார். ஒருநாள் அவன் லீவு. புதிதாக வந்தவன் சொன்னதைச் சொன்னபடி ஏற்றினான். ஹோஸ் பிடுங்கிக்கொண்டு பாம்பு மாதிரி வீசியது. நான் குனிந்ததால் இன்று இதை எழுதுகிறேன்.

அன்று குனியத் தெரிந்தவனுக்கு, நான்கு மாதம் தன் உள்ளங்கையைப் பார்க்கத் தெரியவில்லை.

வியாழக்கிழமை ஸ்டெல்லாவைச் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். மாதா பாட்டிலையும் பையில் எடுத்துக்கொண்டாள். அதை மேஜைமேல் வைத்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உள்ள மெதுமெதுவா கரையற மாத்திரைம்மா. வெட்டினா மொத்தமா ஒரே மூச்சுல எறங்கிரும். அதான் இவருக்குப் பத்து மணிக்கு வேகம், பதினொண்ணுக்கு ஒண்ணுமில்ல. நான் வேற ஏத்திக்கிட்டே போயிட்டேன்..." அவருக்கும் அதிர்ச்சிதான். "ஏம்மா வெட்டினீங்க?"

ஸ்டெல்லா என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"எங்கண்ணன் சேவியர்ங்க. மனசு சரியில்லன்னு மாத்திரை குடுத்தாங்க. ஆறு வருசம் ஜன்னலோரம் உக்காந்தே இருந்துச்சு. வாயில எச்சி வழியும். பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பாது. அப்படியே போயிருச்சு. இவரு ஓடறவருதாங்க, இல்லைங்கல. ஆனா அப்படி உக்காந்துட்டா நான் என்னங்க பண்றது?"

"அண்ணனைத் திரும்ப டாக்டர்கிட்ட எப்பக் காமிச்சீங்க?"

"காமிக்கலீங்க. அதே பழைய சீட்டக் காட்டி வாங்கிட்டு இருந்தோம்."

டாக்டரம்மா தலை குனிந்துகொண்டார். இருபத்திரண்டு வருஷமாக மச்சானின் போட்டோவுக்கு மாலை போடுகிறேன். இதை நான் கேட்டதே இல்லை. அவள் சொல்லியிருப்பாள். நான் பாதியில் எழுந்து போயிருப்பேன்.

டாக்டரிடம் மலச்சிக்கலைக்கூடச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் நடப்பதைச் சொல்வதில்லை. உடம்பு தனி, வீடு தனி என்று நினைப்பு! மாத்திரை உள்ளே போவது வீட்டு வழியாகத்தானே?

பழைய அளவை எல்லாம் அடித்துவிட்டார் டாக்டரம்மா. சில நாள் மருந்தே கூடாது. பிரஷரும் இதயமும் சரி என்று பார்த்தபின், எல்லாவற்றிலும் குறைந்த அளவிலிருந்து மறுபடி. முழு மாத்திரை, கத்தி படக்கூடாது. மீதிப் பாதிகளை அவரே வாங்கிக்கொண்டார். பாட்டிலை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தார். எவ்வளவு ஏற்றலாம் என்பதை இனி ஸ்டெல்லா சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்வாராம். "எச்சி வழிஞ்சா, மந்தமா இருந்தா உடனே போன் பண்ணுங்க. வெட்டாதீங்க, என்கிட்ட சொல்லுங்க. குறைக்கறது என் வேலை" என்றார்.

முழு மாத்திரை ஆரம்பித்து நான்காம் நாள் சேலத்திலிருந்து டாக்டரம்மா போன். ஸ்டெல்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படிம்மா இருக்கார்? ஏதாவது மாற்றம் தெரியுதா?"

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நேத்து நான் பேசி முடிக்கற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திருந்தாருங்க டாக்டர்."

அவள் பேசிய அந்த முக்கால் மணி நேரமும் என்னைத் திட்டியதுதான் என்பதை, அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.